யாருக்குக் குணமாகும்?
(முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"அரை மணி நேரம் தருகிறோம், உன் அனுபவத்தைப் பேசு" என்று நம் செயலாளர் கடிதம் எழுதியிருந்தார். என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டேதான் இன்று காலை வந்து சேர்ந்தேன். கீழே மாடிப்படி ஓரமாக நின்று, வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு காலத்தில் பெல் அடித்ததும் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறிய கூட்டம், இன்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒரு படியில் இரண்டு காலையும் வைத்து, மூச்சு வாங்கி ஏறியது. நடுவில் நின்று, "லிஃப்ட் வைக்கக் கூடாதா?" என்று ஒருவர் கேட்டார். யார் என்று சொல்ல மாட்டேன், அவர் முன்வரிசையில்தான் இருக்கிறார். தலைப்பு கிடைத்துவிட்டது.

முட்டி வலி. அதுவும் ஆபரேஷன் இல்லாத வைத்தியம். அதிலும் ஒரே ஒரு கேள்வி: இந்த வைத்தியம் யாருக்குக் கேட்கும், யாருக்குக் கேட்காது? இந்தக் கேள்விக்கு விடை தெரியும் என்று நான் பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியவில்லை என்பதைக் கற்றுக்கொடுத்தவர்கள் மூன்று பேர். அவர்களைப் பற்றிச் சொல்லத்தான் இந்த அரை மணி நேரத்தை எடுத்துக்கொள்கிறேன்.

சத்திரத்து வாசல்

நான் பிசியோதெரபி பார்ப்பது கனகம்மாசத்திரத்தில். சென்னையிலிருந்து திருவள்ளூர் வழியாகத் திருத்தணி, திருப்பதி போகிற சாலையில் இருக்கிற ஊர். பெயரிலேயே சத்திரம் இருக்கிறது. நடந்து போகிறவர்கள் தங்கி, காலை நீட்டி, மறுநாள் மீண்டும் நடப்பதற்காக ஏற்பட்டது சத்திரம். என் கிளினிக்கும் அப்படித்தான். சாலையோரம் ஒரு சின்ன அறை, இரண்டு கட்டில், நாலு பிளாஸ்டிக் நாற்காலி. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி தூக்கிக்கொண்டு நடக்கிறவர்களும், புரட்டாசியில் திருப்பதிக்கு நடக்கிறவர்களும் என் வாசலைத் தாண்டித்தான் போகிறார்கள். சில பேர் உள்ளே வந்து, "சார், கொஞ்சம் தைலம் இருக்குதா?" என்று கேட்டுவிட்டுப் போவதும் உண்டு.

ஒரு பக்கம் திருவாலங்காட்டுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு போடுகிற விவசாயிகள். இன்னொரு பக்கம் பொதட்டூர்ப்பேட்டை, பள்ளிப்பட்டு என்று தறிச் சத்தம் கேட்கிற ஊர்கள். திருத்தணி பகுதி 1960 ஏப்ரல் 1-ஆம் தேதிதான் ஆந்திராவிலிருந்து பிரிந்து அன்றைய சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. அதனால் எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு. ஒருத்தர் "முட்டி வலி சார்" என்பார், அடுத்தவர் "மோகாள்ள நொப்புலு" என்பார். எந்தப் பாஷையில் சொன்னாலும் கையை வைத்துக் காட்டுகிற இடம் ஒன்றே.

வலியை எப்படி அளப்பது என்று நமக்குப் பாடத்தில் பல அளவுகோல்கள் சொல்லிக் கொடுத்தார்கள். எங்கள் ஊரில் ஒரே அளவுகோல்தான். திருத்தணி மலைக்கு 365 படி. வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படி. டிசம்பர் 31 அன்று படித்திருவிழா, ஒவ்வொரு படிக்கும் பூஜை நடக்கும். "போன வருஷம் படியேறிப் போனேன் சார், இந்த வருஷம் மலை மேல வண்டியிலதான் போனேன்" என்று ஒரு அம்மா சொன்னால், அவர் நோயின் வரலாறு முழுவதும் எனக்குப் புரிந்துவிடும்.

தேய்மானம் என்கிற வார்த்தை

இந்த நோயை எல்லோரும் "மூட்டுத் தேய்மானம்" என்கிறோம். நானும் சொன்னவன்தான். இப்போது குறைத்துக்கொண்டேன். ஏனென்றால் தேய்மானம் என்றதும் கேட்கிறவர் மனதில் வருவது லாரி டயர். ஓட ஓடத் தேயும், ஓட்டாமல் நிறுத்தி வைத்தால் மிச்சம். அதனால் வலி வந்த மறுநாளே நடப்பதை நிறுத்திவிடுகிறார்கள். நடப்பதை நிறுத்தினால் தொடைத் தசை வற்றும். தசை வற்றினால் மூட்டின் மேல் பாரம் கூடும். பாரம் கூடினால் வலி கூடும். வலி கூடினால் இன்னும் நடக்க மாட்டார்கள்.

மூட்டு டயர் இல்லை, உயிருள்ள பொருள். குருத்தெலும்பு மட்டுமல்ல, அதன் அடியில் உள்ள எலும்பு, சுற்றியுள்ள சவ்வு, தசைநார், தசை எல்லாம் சேர்ந்து மாறுகிற நோய் இது. குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. அழுத்தம் கொடுத்து விடும்போது மூட்டு நீரிலிருந்துதான் அது சத்தை எடுத்துக்கொள்கிறது. அளவோடு அசைந்தால்தான் அதற்குச் சாப்பாடு.

யாருக்கு வருகிறது என்பதில் பெரிய சந்தேகம் இல்லை. வயது ஏற ஏற வருகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு, அதிலும் மாதவிலக்கு நின்ற பிறகு, அதிகம் வருகிறது. உடல் எடை கூடியவர்கள், இளமையில் முட்டியில் அடிபட்டவர்கள், குந்தியும் மண்டியிட்டும் பாரம் தூக்கியும் வேலை செய்கிறவர்கள், குடும்பத்தில் இந்த நோய் உள்ளவர்கள், தொடைத் தசை பலவீனமானவர்கள், கால் வில் போல வளைந்தவர்கள் என்று பட்டியல் போகிறது. ஆக்ரா, பெங்களூரு, கொல்கத்தா, டேராடூன், புனே வட்டாரங்களில் எடுத்து 2016-ல் வெளியான ஒரு கணக்கெடுப்பில், 40 வயதைத் தாண்டியவர்களில் 28.7 சதவீதம் பேருக்கு முழங்கால் மூட்டு நோய் இருந்தது. ஏறக்குறைய மூன்றரைப் பேருக்கு ஒருவர். இந்த ஹாலில் எண்ணிப் பாருங்கள்.

யாருக்கு வரும் என்பது ஓரளவு தெரிந்த விஷயம். யாருக்குக் குணமாகும் என்பதில்தான் நான் தடுக்கி விழுந்தேன்.

முதலாமவர்

கிளினிக் தொடங்கிய சில வருஷங்களில் ஒரு நெசவுக்கார அம்மா வந்தார். அறுபது வயதிருக்கும். பெரிய கவரில் எக்ஸ்ரே. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எக்ஸ்ரேயை 0 முதல் 4 வரை தரம் பிரிக்கிற கெல்கிரன்–லாரன்ஸ் முறை 1957-ல் வந்தது, நம் எல்லோருக்கும் மனப்பாடம். இந்த அம்மாவுக்கு 4. எலும்போடு எலும்பு. இரண்டு காலும் வளைந்திருந்தன.

"அம்மா, இதுக்கு எக்சர்சைஸ் பண்ணிப் பிரயோஜனம் இல்ல. ஆபரேஷன்தான்" என்றேன்.

"ஆபரேஷனுக்குக் காசும் இல்ல, கூட இருந்து பாக்க ஆளும் இல்ல. நீ எதனா சொல்லிக் குடு தம்பி" என்றார்.

உண்மையைச் சொல்கிறேன். அவரை அனுப்பிவைப்பதற்காகத்தான் நாலு பயிற்சி சொல்லிக்கொடுத்தேன். நம்பிக் கொடுக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி, பத்து எண்ணும் வரை பிடித்து இறக்குவது. முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து அழுத்துவது. படுத்துக்கொண்டு காலை மடக்காமல் தூக்குவது. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது. அவ்வளவுதான்.

மூன்று மாதம் கழித்து வந்தார். கவர் இல்லை, எக்ஸ்ரே இல்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்திருந்தார். "இழை அறுந்தா தறிய நிறுத்துவேன் இல்ல, அப்பல்லாம் ஒரு தபா பண்ணிடுவேன். ராத்திரி படுக்கும்போது ஒரு தபா. வலி இருக்குது, ஆனா முன்ன மாதிரி இல்ல. படியேறிட்டேன் தம்பி" என்றார். மலைப்படியைத்தான் சொன்னார். நடுவில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறியிருக்கிறார்.

அன்று எக்ஸ்ரே எடுத்திருந்தால் அதே 4-தான் வந்திருக்கும். படத்தில் எதுவும் மாறியிருக்காது. மாறியது அவருடைய தொடைத் தசை, நடை, தைரியம். "பிரயோஜனம் இல்ல" என்று சொன்ன வாயால் அன்று என்னால் பேச முடியவில்லை. காசு இருந்து, ஆளும் இருந்திருந்தால், என் பேச்சைக் கேட்டு அவர் அந்த நாலு பயிற்சியைக்கூடக் கேட்காமல் போயிருப்பார்.

இரண்டாமவர்

அடுத்தவர் 48 வயது, அலுவலகத்தில் வேலை செய்கிறவர். எக்ஸ்ரேயில் லேசான மாற்றம்தான். எடையும் அதிகமில்லை. "ஆறு வாரத்துல சரியாயிடும்மா" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். சரியாகவில்லை. எட்டு வாரம் வந்தார். வலி அப்படியே இருந்தது. நான் பயிற்சியை மாற்றினேன், மெஷினை மாற்றினேன், கடைசியில் "நீங்க வீட்ல ஒழுங்கா பண்றது இல்ல" என்று பழியையும் அவர் மேல் போட்டேன். அவர் வரவில்லை.

பல மாதம் கழித்து பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். கணவர் பக்கவாதத்தில் படுக்கையில் இருப்பதும், இவர்தான் தூக்கிப் புரட்டுவதும், இரவில் நாலு மணி நேரம்கூடத் தூக்கம் இல்லை என்பதும், முட்டி மட்டுமல்ல, இடுப்பு, தோள் எல்லாம் வலிப்பதும் அங்கே நின்றபடிதான் தெரிந்தது. எட்டு வாரத்தில் நான் ஒருநாள்கூடக் கேட்கவில்லை. முட்டியை மட்டும் பார்த்தேன். தூக்கமின்மை, மனச்சோர்வு, உடம்பில் பல இடத்தில் வலி, சர்க்கரை நோய் ஆகியவை உள்ளவர்களுக்கு முட்டி வலி கடுமையாக இருக்கும் என்பது இன்று ஆராய்ச்சியில் தெளிவான விஷயம். எக்ஸ்ரேயில் இது எதுவும் விழாது.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது

இரண்டு பேரும் எனக்குக் கற்றுக்கொடுத்ததை, பிற்பாடு வந்த ஆராய்ச்சிகள் உறுதிப்படுத்தின. 2023-ல் லான்செட் குழுமத்தின் முடக்குவாத இதழில் ஒரு பெரிய தொகுப்பு வந்தது. முழங்கால், இடுப்பு மூட்டு நோய்க்கு உடற்பயிற்சி கொடுத்துப் பார்த்த 31 ஆய்வுகளில் கலந்துகொண்ட 4,241 பேரின் விவரத்தை ஒவ்வொருவராக எடுத்துச் சேர்த்துப் பார்த்தார்கள். எந்த மாதிரி நோயாளிக்குப் பயிற்சி நன்றாகக் கேட்கிறது என்பதுதான் கேள்வி. சராசரிப் பலன் சிறியது என்றுதான் வந்தது, அதை மறைக்கக் கூடாது. ஆனால் ஆரம்பத்தில் வலி அதிகமாகவும் நடமாட்டம் மோசமாகவும் இருந்தவர்களுக்கே பொதுவாகப் பலன் கூடுதல். நாம் யாரை "இது முத்திப்போச்சு" என்று திருப்பி அனுப்புகிறோமோ, அவர்களில் பலர் இந்தக் கூட்டத்தில் இருப்பவர்கள்.

டென்மார்க்கில் 2015-ல் இன்னொரு ஆய்வு வந்தது. மூட்டு மாற்று ஆபரேஷனுக்குத் தகுதி என்று முடிவான 100 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு ஆபரேஷன் செய்து, பிறகு பயிற்சி. மறு பாதிக்கு ஆபரேஷன் இல்லாமல் பயிற்சி, விளக்கம், உணவு ஆலோசனை, செருப்புக்குள் வைக்கிற இன்சோல், வலி மருந்து என்று 12 வாரம். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், ஆபரேஷன் பக்கம் 85 சதவீதம் பேருக்குக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம். ஆபரேஷன் இல்லாத பக்கமும் 68 சதவீதம் பேருக்கு முன்னேற்றம். அந்த இரண்டாவது பாதியில் ஒரு வருஷத்துக்குள் ஆபரேஷனுக்குப் போனவர்கள் நாலில் ஒருவர்தான். ஆபரேஷன் பக்கம் பலன் கூடுதல், கடுமையான பக்கவிளைவுகளும் கூடுதல். இரண்டையும் சேர்த்துத்தான் நோயாளியிடம் சொல்ல வேண்டும்.

நம் பக்கத்திலும் வேலை நடந்திருக்கிறது. பெங்களூரில் ஒரு எலும்பு மருத்துவ மையத்தில் 250 நோயாளிகளை வைத்து, பிசியோதெரபியோடு யோகாசனத்தையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2012-ல் வெளியானது. ஆசனம் சேர்ந்த பக்கம் நல்ல பலன் கிடைத்தது. நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டுவதற்குச் சலித்துக்கொள்கிறவர், "யோகா" என்றால் ஆசையாகச் செய்கிறார். எதைச் செய்வாரோ அதைக் கொடுப்பதுதான் வைத்தியம்.

எடை விஷயமும் அப்படியே. அமெரிக்காவில் 2005-ல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்: ஒரு கிலோ எடை குறைந்தால், ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் முட்டியின் மேல் விழும் பாரம் நாலு கிலோ குறைகிறது. 2013-ல் அதே குழு 454 பேரை 18 மாதம் தொடர்ந்து பார்த்தது. உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் சேர்த்துச் செய்தவர்களுக்கு, ஒன்றை மட்டும் செய்தவர்களைவிட வலி குறைந்தது. நான் யாரிடமும் "இருபது கிலோ குறைங்க" என்று சொல்வதில்லை. கேட்டதும் பயந்துவிடுவார்கள். "மூணு கிலோ குறைச்சா ஒவ்வொரு அடிக்கும் பன்னெண்டு கிலோ மூட்டைய இறக்கி வெச்ச மாதிரி" என்பேன். கரும்புக் கட்டு தூக்கியவர்களுக்கு அந்தக் கணக்கு உடனே புரிகிறது.

ஊசி, மாத்திரை, மெஷின்

குடும்பத்தார் வந்திருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 45 வயதைத் தாண்டி, நடந்தால் வலித்து, காலை நேர விறைப்பு அரை மணி நேரத்துக்கு மேல் நீடிக்காமல் இருந்தால், நோயைக் கண்டுபிடிக்க எக்ஸ்ரேகூடத் தேவையில்லை என்று இங்கிலாந்தின் 2022-ஆம் ஆண்டு வழிகாட்டி சொல்கிறது. முட்டி சிவந்து சூடாக வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, விறைப்பு வெகுநேரம் நீடித்தாலோ, திடீரென்று காலை ஊன்ற முடியாமல் போனாலோ அது வேறு விஷயம். அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.

வலிக்கு முதலில் மேலே தடவுகிற ஜெல். மாத்திரை டாக்டர் சொன்ன அளவுக்கு, சொன்ன நாளுக்கு மட்டும். எங்கள் ஊரில் மெடிக்கல் ஷாப்பில் "முட்டி வலிக்கு ரெண்டு செட் குடு" என்று வாங்கி மாசக்கணக்கில் சாப்பிடுகிறார்கள். வயிற்றுப் புண், ரத்த அழுத்தம், சிறுநீரகம் என்று அது வேறு வாசலில் கொண்டுபோய் விடும்.

ஸ்டீராய்டு ஊசி சில வாரத்துக்கு வலியைக் குறைக்கும். ஆனால் மூன்று மாதத்துக்கு ஒரு தரம் என்று இரண்டு வருஷம் போட்டுப் பார்த்த 2017 ஆய்வில், உப்புநீர் ஊசி போட்டவர்களைவிட வலி ஒன்றும் குறையவில்லை, குருத்தெலும்புதான் கூடுதலாகக் குறைந்தது. நம் ரத்தத்திலிருந்தே எடுத்துப் போடுகிற பிளேட்லெட் ஊசிக்கு இப்போது நல்ல விளம்பரம். ஆஸ்திரேலியாவில் 288 பேருக்குப் போட்டுப் பார்த்து 2021-ல் வெளியிட்டார்கள். ஒரு வருஷ முடிவில் வலி குறைந்ததில் உப்புநீருக்கும் அதற்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. 2020-ல் வந்த இன்னொரு ஆய்வில், ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களையும் பிசியோதெரபி செய்தவர்களையும் ஒப்பிட்டார்கள். ஒரு வருஷம் கழித்து நம் பக்கம்தான் ஜெயித்தது. இதற்குக் கைதட்டலாம்!

கைத்தட்டலோடு ஒரு குட்டும் வேண்டும். நம் கிளினிக்குகளில் சூடு, கரண்ட், மெஷின் என்று படுக்க வைத்து அனுப்புகிறோமே, அது தற்காலிகச் சுகம். நோயாளியை எழுந்து நின்று வேலை செய்ய வைக்கிற பயிற்சிதான் நிற்கும்.

மூன்றாமவர்

முதல் அம்மாவுக்குப் பிறகு நான் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டேன். "ஆபரேஷன் இல்லாமல் குணப்படுத்துகிறவர்" என்று ஊரில் பெயர் வந்தது. பெயர் பொல்லாதது. அதைக் காப்பாற்ற வேண்டும் என்று தோன்றிவிடும்.

அப்போது ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் வந்தார். முதல் மூன்று மாதம் நன்றாகப் பயிற்சி செய்தார். முன்னேற்றம் இல்லை. இன்னும் மூன்று மாதம் என்றேன். அப்புறம் இன்னும் மூன்று மாதம். முட்டி நீட்ட முடியாமல் மடங்கியபடியே நின்றுவிட்டது. இரவில் வலியில் எழுந்து உட்கார்ந்திருப்பார். கழிப்பறைக்குப் போக இரண்டு பேர் பிடிக்க வேண்டும். இப்படி இரண்டு வருஷம். சென்னையிலிருந்து வந்த மகன் ஒருநாள் வாசலில் நின்று கேட்டார்: "இன்னும் எத்தனை நாள் சார் எங்க அப்பாவ மணல் மூட்டை கட்டித் தூக்கச் சொல்வீங்க?"

ஆபரேஷன் நடந்தது. நாலு மாதம் கழித்து ஆசிரியர் கைத்தடியோடு என் கிளினிக்குக்குத் தானே நடந்து வந்தார். திட்டவில்லை. "உங்க எக்சர்சைஸ் பழக்கம் இருந்ததால சீக்கிரம் நடந்தேன் தம்பி" என்று எனக்கே ஆறுதல் சொன்னார். அவர் திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அந்த இரண்டு வருஷத்தை நான் எப்படித் திருப்பிக் கொடுப்பேன்?

பிரதமராக இருந்த வாஜ்பாய் அவர்கள் 2000 அக்டோபரில் ஒரு முட்டிக்கும், 2001 ஜூனில் மறு முட்டிக்கும் மும்பையில் மூட்டு மாற்று ஆபரேஷன் செய்துகொண்டார். அதன் பிறகுதான் எங்கள் கிராமங்களில்கூட "அந்த ஆபரேஷன்" பற்றிப் பேச்சு வந்தது. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை மூட்டுக்கு விலை உச்சவரம்பு கொண்டுவந்தது. ஆபரேஷன் எதிரி இல்லை. அவசரமும் தப்பு, வீம்பும் தப்பு. மூன்று மாதம் ஒழுங்காக முயன்ற பிறகும் இரவில் தூங்க விடாத வலி, அன்றாட வேலையே முடங்கிப்போன நிலை என்றால், கையைப் பிடித்து எலும்பு மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போக வேண்டியது நம் கடமை.

ஏன் நின்றுவிடுகிறார்கள்?

இந்த மூன்று பேருக்குப் பிறகு ஒரு நோட்டு வைத்தேன். வயது, எடை, எக்ஸ்ரே என்பதோடு இன்னொரு பத்தியும் போட்டேன்: "ஏன் வரவில்லை?" ஆள் விட்டும் போன் செய்தும் விசாரித்து எழுதினேன். பஸ் காசு. அன்றைய கூலி போய்விடும். முதல் இரண்டு வாரம் வலி கூடியதால் பயம். வீட்டில் காலை நீட்டிப் படுத்துப் பயிற்சி செய்ய இடமில்லை. மருமகள் முன்னால் செய்ய வெட்கம். "வேலைக்காரிக்கு எதுக்கு எக்சர்சைஸ்" என்று வீட்டுக்காரர் கேலி.

நோயாளியின் குணாதிசயம் என்று புத்தகத்தில் போடுகிறோமே, எங்கள் ஊரில் அதில் பாதி இந்தப் பத்திதான். பயிற்சி கேட்கவில்லை என்று நான் நினைத்த பலருக்குப் பயிற்சி போய்ச் சேரவே இல்லை.

அதனால் சில விஷயங்களை மாற்றிக்கொண்டேன். தினம் வரச் சொல்வதில்லை. வாரம் ஒருநாள் வந்தால் போதும், மிச்சம் வீட்டில். "வலி பத்துக்கு அஞ்சு வரைக்கும் இருக்கலாம், மறுநாள் காலைல தணிஞ்சிட்டா பயமில்ல" என்று முதல் நாளே சொல்லிவிடுகிறேன். பலன் தெரிய ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும் என்பதையும் சொல்கிறேன். கைத்தடியை வலிக்கிற காலுக்கு எதிர்க்கையில் பிடிக்கச் சொல்கிறேன். குந்தி உட்காரும் கழிப்பறைக்கு மேல் வைக்கிற ஸ்டூல் ஒன்றை வாங்க வைக்கிறேன். வீட்டிலிருந்து ஒருவரையாவது உடன் வரச் சொல்கிறேன், அது மருமகளாக இருந்தால் ரொம்ப நல்லது. அவரையும் நாற்காலியில் உட்கார வைத்துப் பயிற்சி செய்யச் சொல்வேன். அப்புறம் வெட்கம் போய்விடும்.

வீட்டை விட்டு வரவே முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் பிசியோதெரபியும் வீட்டுக்கே வருகிறது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை வீட்டுக்கு வருவது பலருக்குத் தெரியும், இது தெரியாது. மாணவர்கள் இதை ஊரில் போய்ச் சொல்ல வேண்டும்.

மாணவச் செல்வங்களுக்கு

நீங்கள் நாளைக்கு ஒரு கிளினிக்கில் உட்காரப் போகிறீர்கள். பெரிய கவரோடு ஒரு அம்மா வருவார். கவரைப் பிரிப்பதற்கு முன்னால் ஐந்து கேள்வி கேளுங்கள்.

ராத்திரி தூக்கம் வருதா? முட்டி தவிர வேற எங்க வலிக்குது? வீட்ல உங்கள யார் பாத்துக்கறாங்க, நீங்க யாரப் பாத்துக்கறீங்க? இங்க வந்தா எவ்ளோ கூலி போகும்? முட்டி சரியானா முதல்ல எங்க போகணும்?

ஐந்தாவது கேள்வி ரொம்ப முக்கியம். "மலைக்குப் போகணும்" என்பார் ஒருத்தர். "பேரனைத் தூக்கணும்" என்பார் இன்னொருத்தர். "தறியில உக்காரணும்" என்பார் மூன்றாமவர். அதுதான் உங்கள் சிகிச்சைக்கு இலக்கு. எக்ஸ்ரேயில் உள்ள இடைவெளி இலக்கு இல்லை.

அதற்குப் பிறகு கவரைப் பிரியுங்கள். படம் எப்படி இருந்தாலும், "பிரயோஜனம் இல்ல" என்று மட்டும் சொல்லாதீர்கள். "ஆறு வாரத்துல சரியாயிடும்" என்றும் சொல்லாதீர்கள். "மூணு மாசம் ரெண்டு பேரும் சேர்ந்து முயற்சி பண்ணுவோம், அப்புறம் உக்காந்து பேசுவோம்" என்று சொல்லுங்கள். மூன்று மாதம் முடிந்ததும் மறக்காமல் உட்கார்ந்து பேசுங்கள். நான் முதல் அம்மாவிடம் அந்த வாய்ப்பையே மறுக்கப் பார்த்தேன், ஆசிரியரிடம் அந்தப் பேச்சைத் தள்ளிப்போட்டேன்.

யாருக்குக் குணமாகும் என்று கேட்டுத் தொடங்கினேன். முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதுதான் என் விடை. சொல்ல முடியாது என்பதால்தான் ஒவ்வொருவருக்கும் முயற்சி செய்து பார்க்கிற உரிமை இருக்கிறது.

என் சக மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த சந்திப்புக்கு லிஃப்ட் கேட்டுத் தீர்மானம் போடாதீர்கள். நாளைக் காலையிலிருந்து நாற்காலியில் உட்கார்ந்து கையூன்றாமல் பத்து தரம் எழுந்திருங்கள். முடியாதவர்கள் கையை ஊன்றியே எழுந்திருங்கள், ஆனால் நிறுத்தாதீர்கள். மூன்று மாதம் கழித்து எங்கள் ஊர்ப் பக்கம் வாருங்கள். சத்திரத்தில் காபி சாப்பிட்டுவிட்டு எல்லோரும் சேர்ந்து திருத்தணிப் படி ஏறுவோம். நடுவில் உட்கார்ந்து ஏறினாலும் பரவாயில்லை, அந்த நெசவுக்கார அம்மாவும் அப்படித்தான் ஏறினார்.

நோயாளியை "கேஸ்" என்று சொல்லாதே, பெயர் சொல்லிக் கூப்பிடு என்று இதே வகுப்பறையில் எனக்குச் சொல்லிக் கொடுத்த ஆசிரியர்களுக்கு என் நன்றி.